சித்தப்பா ஓர் அசையாச் சொத்து

ஒரு வீடு இடிந்து விழுகிற நிலையில் இருந்தால் அது இடிந்த வீடு. அதே வீட்டை மரபு மனைகள் பாதுகாப்பு வாரியம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனால் அது மரபு மனை. முதல் வீட்டில் ஒழுகினால் கூரை ஓடுகளை மாற்றலாம். இரண்டாவது வீட்டில் ஒழுகினால் ஒழுக்கைப் பாதுகாக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வாரியத்தை யார், எந்தக் கோபத்தில் ஏற்படுத்தினார்களோ எனக்குத் தெரியாது. வீடுகளின் மேல் அவர்களுக்கு இருந்த அன்பைவிட, அவற்றில் குடியிருப்பவர்கள் மேல் இருந்த வெறுப்புதான் அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டிரைவிங் வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியாது. வீடு விற்பதும் கார் விற்பதும் ஒன்றுதான், ஒருவர் சாவியைக் கொடுப்பார், இன்னொருவர் வாங்கிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவி. ஊரில் உள்ளவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தப்புப் பண்ணினால் அதை மிதிப்பார். பல வருஷப் பழக்கத்தில், காரில் இல்லாதபோதும், ஏதாவது கைமீறிப் போகிறபோதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அதனால் எதுவும் நின்றதில்லை.

விற்க வேண்டிய வீடு ஊருக்கு வெளியே இருந்தது. செங்கல் சூளை வைத்திருந்த அவருடைய கொள்ளுத்தாத்தா, விலைபோகாத செங்கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிய வீடு என்று குடும்பத்திலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நீளக் கூடம், மரப் படிக்கட்டு, மாடியில் வரிசையாக அறைகள். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் மேலே கூரை இருந்தது. வெளியே ரோஜாப் பாத்திகள், எலுமிச்சைத் தோப்பு, செடி வளர்க்கக் கட்டி இப்போது கண்ணாடி எல்லாம் உதிர்ந்துபோன ஒரு கண்ணாடி வீடு, தாமரை இல்லாத குளம், அதற்கப்பால் ஆற்றங்கரை வரைக்கும் நிலம். இவ்வளவுக்கும் சொந்தக்காரரான வாத்தியார் நகரத்தில் இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் குடியிருந்தார். மழை பெய்தால் அங்கே கூரை என்ன ஆகிறதோ என்று இங்கே தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரிய வீட்டில் இப்போது இருந்தது ஒரே ஓர் ஆள். வாத்தியாருடைய சித்தப்பா. அந்த வீட்டிலேயே பிறந்தவர், தன் பங்கை எப்போதோ அண்ணன் பேருக்கே எழுதிக்கொடுத்துவிட்டவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வேலைக்கும் போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குச் ‘சக்கரம்’ என்று பேர், ஏனென்றால் மனுஷர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். விடிந்ததும் தோப்புக்கு நடப்பார், தோப்பிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து ஆற்றுக்கு. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தபடியேதான் சாப்பிடுவார். ‘கொஞ்சம் உக்காருங்களேன்’ என்பதுதான் அந்தக் குடும்பத்தில் அதிகமாகச் சொல்லப்பட்ட வாக்கியம். வாத்தியார் சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். பின்னாலிருந்து பிடித்த கையை விட்டுவிட்டு, விட்டதைச் சொல்லாமல், தோட்டம் முழுக்கக் கூடவே ஓடிவந்தவர்.

ஒரு தடவை அவரை நகரத்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். விடியுமுன்பே எழுந்து நடக்க ஆரம்பித்தார். நான்கு எட்டு வைத்தால் சுவர், திரும்பி நான்கு எட்டு வைத்தால் அலமாரி. நடுவில் படுத்திருந்த பெண்களைத் தாண்டித் தாண்டி நடந்தார். வாத்தியாருடைய மனைவி தம்ளரைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருந்தது. எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை.

வீட்டை விற்கப் போகிற விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. தெரியாததால், கூரையைப் பழுது பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று சொல்லி வைத்தார். சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் உனக்கு புத்தி வந்துச்சே என்று தோளில் தட்டினார். வாத்தியார் தட்டு வாங்கிய தன் தோளைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரியத்திலிருந்து கண்காணிப்பாளரும் ஓர் எழுத்தர் அம்மாவும் வந்தார்கள். மரபு மனையை விற்பதற்கு முன்னால் அதில் உள்ள ஒவ்வொன்றும் அசையும் பொருளா, அசையாப் பொருளா என்று தீர்மானித்துச் சீட்டுக் கட்ட வேண்டும். அசையும் பொருளுக்கு நீலச் சீட்டு. அதை விற்கிறவர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அசையாப் பொருளுக்குச் சிவப்புச் சீட்டு; அது வீட்டோடு சேர்ந்தது, உள்ளது உள்ளபடி வாங்குகிறவருக்குப் போகும். தீர்மானிக்கும் முறையும் சட்டத்திலேயே இருந்தது. கண்காணிப்பாளர் ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார்.

அவர் வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டே போனார். நாற்காலிகள் நகர்ந்தன, நீலம். அலமாரி நகரவில்லை, சிவப்பு. மாடியில் ஒழுக்குக்குக் கீழே வைத்திருந்த இரும்பு வாளி துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சிவப்பு. வாளி சிவப்பானதால் அதற்கு மேலே இருந்த ஒழுக்கும் சிவப்பாயிற்று. ஒழுக்கு நின்றுபோனால் வாளிக்கு வரலாற்றுப் பொருத்தம் இருக்காது என்று கண்காணிப்பாளர் விளக்கினார். தோட்டத்து ஊஞ்சலிடம் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அது அசைந்தது, ஆனால் போகவில்லை. எழுத்தர் அம்மாவோடு மரத்தடியில் நின்று வெகுநேரம் கலந்து பேசிவிட்டு, அசையும்வரை நீலம், நின்றபிறகு சிவப்பு என்று இரண்டு சீட்டையும் கட்டினார்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது சித்தப்பா சன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் முள் ஏறியிருந்தது. இல்லாவிட்டால் அவராவது, உட்காருவதாவது. குனிந்து ஊசியால் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இது யாரு?” என்றார் கண்காணிப்பாளர்.

தன் சித்தப்பா என்றும், பிறந்ததிலிருந்து இங்கேயேதான் இருக்கிறார் என்றும் வாத்தியார் சொன்னார். வீடு கைமாறியபிறகு இவர் என்ன செய்வார் என்று கண்காணிப்பாளர் கேட்டார். வாத்தியார் பதறிப்போய், சித்தப்பா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதுதான் சார் கஷ்டமே. அவர் இங்கேருந்து அசைய மாட்டாரு.”

எழுத்தர் அம்மா நிமிர்ந்தார். “அசைய மாட்டாரா?”

“என்ன சொன்னாலும் அசைய மாட்டாரு மேடம்.”

எழுத்தர் அம்மா எழுதிக்கொண்டார். கண்காணிப்பாளர் சித்தப்பாவின் தோளில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். முள்ளில் கவனமாக இருந்த சித்தப்பா அந்த விரலை ஈயென்று நினைத்திருக்க வேண்டும், அசையவில்லை. சட்டைப் பொத்தானில் சிவப்புச் சீட்டைக் கட்டினார்கள். என்னம்மா இது என்று சித்தப்பா கேட்டதற்கு, பதிவுங்க ஐயா என்று எழுத்தர் அம்மா மரியாதையாகவே சொன்னார். கூரை வேலைக்கு டோக்கன் போலிருக்கிறது என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார். வாத்தியார் வாயைத் திறந்தார். இதைத் திருத்த வேண்டுமானால், வந்தவர்கள் கூரைக்காரர்கள் இல்லை என்று சித்தப்பா எதிரில் சொல்ல வேண்டும். வலது கால் தரையை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டார்.

வாரியத்தின் ஆணை கொஞ்ச நாளில் வந்தது. வீட்டோடு சேர்ந்த அசையாப் பொருள்கள் என்ற தலைப்பின் கீழே மாடிப்படி, குளம், ஒழுக்கு, வாளி, சித்தப்பா என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். வாங்க முன்வந்திருந்த மெத்தைக் கம்பெனி முதலாளிக்கும் ஒரு நகல் போயிருந்தது. வாத்தியார் அன்றைய வகுப்பை ரத்து செய்துவிட்டு வாரிய அலுவலகத்துக்கு ஓடினார்.

அலுவலகம் ஒரு புதிய கட்டிடத்தில் இருந்தது. பழைய கட்டிடங்களில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். சன்னலுக்கு அந்தப் பக்கம் அதே எழுத்தர் அம்மா.

“அசையாப் பொருள் அசையுதுன்னு புகார் குடுக்கறீங்களா?”

“அசையறாரு மேடம். நாள் பூரா நடக்கறாரு. அவருக்கு ஊர்லயே சக்கரம்னு பேரு.”

“அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நான் சொன்னது வேற அர்த்தத்துல.”

“எங்க படிவத்துல அர்த்தத்துக்கு இடம் இல்லீங்களே” என்றார் அந்த அம்மா. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

நேரில் கூட்டிக்கொண்டு வந்து நடக்க வைத்துக் காட்டட்டுமா என்று கேட்டார் வாத்தியார். சிவப்புச் சீட்டுக் கட்டிய பொருளை வாசலைத் தாண்டி எடுத்துவந்தால் குற்றம் என்றார்கள். நடக்கிற மாதிரி போட்டோ கொண்டுவரலாமா என்றார். போட்டோவில் யாரும் அசைவதில்லை என்றார்கள். வீடியோ? யாராவது பின்னாலிருந்து ஆட்டிவிட்டு எடுத்திருக்கலாம், முன்பு ஒரு சிலை விஷயத்தில் அப்படி நடந்திருக்கிறது. கடைசியில் தலைவரைப் பாருங்கள் என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

தலைவர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

“ஒரு வீட்டுக்கு முதல் எதிரி யாருன்னு நெனைக்கறீங்க? கரையானா? இல்ல சார். குடியிருக்கறவன். கதவத் தெறக்கறான், கீல் தேயுது. படி ஏறறான், படி தேயுது. ஒண்ணும் பண்ணலேன்னாலும் மூச்சு விடறான், சுவர்ல ஈரம் ஏறுது. என் சர்வீஸ்ல நான் காப்பாத்தின வீடு எதுலயும் இன்னிக்கு ஒரு ஆள் கெடையாது. அத நான் பெருமையாவே சொல்லுவேன்.”

“அந்த வீடெல்லாம் இப்ப நல்லா இருக்கா சார்?”

“பாதி விழுந்துடுச்சு. ஆனா ஒண்ணு கூட அனுமதி இல்லாம விழல.”

வாத்தியார் தலையாட்டினார். வேறு என்ன செய்வது. தலைவர் குரலை இறக்கி, சொந்த அண்ணன் மாதிரி தொடர்ந்தார்.

“உங்க சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். அவர் மனுஷனா இருந்தா எங்களால அவருக்கு ஒண்ணும் பண்ண முடியாது. மனுஷங்களுக்கு எங்ககிட்ட சட்டம் இல்ல. இப்ப பொருளா ஆயிட்டாரு. இனிமே அவர் மேல மழை பட்டா வாங்கினவன் பதில் சொல்லணும். வெயில் பட்டா பதில் சொல்லணும். வாரா வாரம் தூசி தட்டணும். நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க கடைசியா எப்ப அவருக்குத் தூசி தட்டினீங்க?”

விற்கிற வேலையாகப் போனதைத் தவிர, தான் கடைசியாக எப்போது அந்த வீட்டுக்குப் போனோம் என்று வாத்தியார் நினைத்துப் பார்த்தார். மழைக்காலத்துக்கு முன்னாலா, அதற்கும் முன்னாலா என்று ஞாபகம் வரவில்லை. முகம் சுட்டது.

“இல்ல, திருத்தணும்னா திருத்தித் தரேன்” என்று தலைவர் பேனாவை எடுத்தார். “ஒரு வரிதான். அசையும் பொருள்னு மாத்திடறேன். ஆனா அசையும் பொருள ஒப்படைக்கறதுக்கு முன்னாடி நீங்க எடுத்துட்டுப் போயிடணும். எங்க எடுத்துட்டுப் போறீங்க? விலாசம் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

வாத்தியாருக்குத் தன் விலாசம் தெரியும். பயிற்சிப் பள்ளியின் ரசீதில்கூட அதுதான் அச்சாகியிருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அன்றைக்கு அது நாக்கில் வரவில்லை.

“யோசிச்சு சொல்றேன் சார்” என்றார்.

படி இறங்கும்போது நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அது நிம்மதி. நிம்மதிதான் என்று அவருக்கே விளங்கியபோது, தெருவில் யாராவது தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. அதனால் வெட்கம் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, தேய்த்து முடித்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். கெட்டவள் இல்லை. சித்தப்பாவுக்கு வருஷா வருஷம் துணி எடுத்து அனுப்புகிறவள்.

“நல்லாதான பாத்துப்பாங்க?” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

“சட்டமே இருக்காம்.”

“அப்ப சரி” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடும்போது பெண்களைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அதற்குப் பிறகு வாரியத்திலிருந்து விதிமுறைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அசையாப் பொருளின் தோற்றத்தைப் பதிவான நாளில் இருந்தபடியே பேண வேண்டும் என்று வந்தது. சித்தப்பாவுக்கு முடி வெட்ட வந்தவரைக் காவலுக்குப் போட்டிருந்த வாரிய ஊழியர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வெட்டுவது மாற்றம், வளர்வது இயற்கைச் சேதம். மாற்றத்துக்குத்தான் அனுமதி வேண்டும், சேதத்துக்கு வேண்டாம். ஒருநாள் சித்தப்பாவின் கடைவாய்ப்பல் விழுந்தது. விழுந்த பல்லுக்கு வெளிறிய சிவப்பில் ஒரு துணைச் சீட்டுக் கட்டி, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைத்தார்கள்.

மழையில் நனைந்து அவருக்கு இருமல் வந்தது. வாத்தியார் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அங்கீகரிக்கப்பட்ட புதுப்பிப்பாளர் இல்லை என்று சொல்லி, வாரியம் தன் ஆளையே அனுப்பியது. வந்தவர் மரச் சாமான்களுக்கு மெருகேற்றுகிறவர். சித்தப்பாவின் முதுகில் விரலை மடக்கித் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், உள்ளே கரையான் இல்லை என்று சான்று கொடுத்தார். டாக்டர் தோட்டத்தில் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் நின்று, சித்தப்பா நடந்து அந்தப் பக்கம் வந்தபோது, திருட்டுத்தனமாக மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா எல்லாவற்றையும் கூரை வேலையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார். பெரிய கம்பெனி போலிருக்குடா, ரொம்ப முறையா செய்யறாங்க என்று வாத்தியாரிடம் மெச்சினார். வாத்தியாருக்கு அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. வகுப்புக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

மெத்தைக் கம்பெனி முதலாளி மனைவியோடு வீட்டைப் பார்க்க வந்தார். வாத்தியாரும் கண்காணிப்பாளரும் சுற்றிக் காட்டினார்கள். விருந்தினர் விடுதியாக மாற்றுகிற உத்தேசம். எல்லா அறையிலும் நின்று, இங்கே எத்தனை மெத்தை கொள்ளும் என்று கண்ணாலேயே அளந்தார். கூடத்துக்கு வந்தபோது சித்தப்பா சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரைச்சீலை நிறத்துக்கு இவருடைய சட்டை ஒத்துவராது, மாற்றலாமா என்று கண்காணிப்பாளரைக் கேட்டாள். மாற்ற முடியாது, திரைச்சீலையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

“இவர் இங்கயேதான் இருப்பாரா?”

“வீட்டோட வர்றவருங்கம்மா. விலையில சேந்தது.”

சித்தப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் போனபிறகு சட்டைப் பொத்தானில் தொங்கிய சீட்டைத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

“வீட்ட விக்கறியாடா?”

வாத்தியாருடைய கால் மரத்தரையை அழுத்தியது. “ஆமா சித்தப்பா.”

“கூரைன்னு சொன்ன.”

வாத்தியார் மற்றதையெல்லாம் சொன்னார். கண்காணிப்பாளர் கேட்டதை, தான் சொன்னதை, எழுத்தர் அம்மா எழுதியதை, எல்லாம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஒரே ஒரு விலாசம் சொன்னால் தலைவர் திருத்தித் தருகிறேன் என்றதைச் சொல்லவில்லை. எவ்வளவோ போராடிப் பார்த்தேன், சட்டம் அப்படி, ஒன்றும் செய்ய முடியாதாம் என்று சொல்லிவிட்டார். பொய் ஒரே மூச்சில் வந்துவிட்டது. வந்தது பற்றி அவருக்கே ஆச்சரியம்.

“நான் அசைய மாட்டேன்னா சொன்ன?” சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. வாத்தியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“உன் வீட்டுல ரெண்டு ரூம்தான?”

“ஆமா.”

“பொண்ணுங்க வளந்துட்டாங்க.”

“ஆமா சித்தப்பா.”

சித்தப்பா தம்ளரை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். வாத்தியார் சன்னலிலிருந்து பார்த்தார். அன்றைக்கு அவர் எப்போதையும்விட வேகமாக நடந்தார். குளத்தைச் சுற்றினார், தோப்பைச் சுற்றினார், மறுபடி குளம். உள்ளே வருவாரென்று வாத்தியார் காத்திருந்தார். வரவில்லை. வாத்தியார் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினார்.

கிரயத்துக்கு முந்தைய வாரம் மெத்தை முதலாளியிடமிருந்து ஒரு புகார் போயிற்று. வெவ்வேறு நாளில் எடுத்த படங்களில் சித்தப்பா வெவ்வேறு இடத்தில் இருக்கிறார்: ஒன்றில் குளக்கரையில், ஒன்றில் தோப்பில். அசையாப் பொருள் என்று நம்பி வாங்கினால், நாளைக்கு அது பாட்டுக்கு எழுந்து போய்விட்டால் யார் பொறுப்பு? வாரியம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. தலைவரே நேரில் வந்து அசைவுச் சோதனை நடத்துவார். அசைந்தால் நீலச் சீட்டு, விற்கிறவர் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அசையாவிட்டால் அங்கேயே கையெழுத்து.

அன்று காலை பஸ்ஸில் போகும்போது வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவர் அசைவார் சார், நல்லாவே அசைவார், என்னோட வரப் போறார். இதைத்தான் சொல்ல வேண்டும். உதட்டுக்குள்ளேயே பலதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். செருப்பு வைக்கிற பலகையை எடுத்துவிட்டால் அங்கே ஒரு கட்டில் போடலாம். நடக்கிறதுக்கு மொட்டை மாடி இருக்கிறது. மனைவி முதலில் தம்ளரைச் சத்தமாக வைப்பாள், பிறகு பழகிவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கும்போது நாம் எல்லோருமே நல்லவர்கள்தான்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்: தலைவர், கண்காணிப்பாளர், எழுத்தர் அம்மா, மெத்தை முதலாளி தம்பதி. சித்தப்பா சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் உட்காரச் சொல்லியிருக்கவில்லை. நீண்டு வளர்ந்த முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். கைகள் நாற்காலிக் கைகளின் மேல். சீட்டு நெஞ்சுக்கு நடுவில் நேராகத் தொங்கியது.

தலைவர் சிறிதாக ஓர் உரை நிகழ்த்தினார். மக்கள் எங்களைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நாங்கள் யாரையும் வெளியேற்றுவதில்லை, இதோ ஓர் ஆளை வீட்டோடு வைத்துக் காப்பாற்றுகிறோமே, அவருக்கு ஒரு குறையுமில்லாமல், அவரையே கேட்கலாம், விதிப்படி அவர் பதில் சொல்லக்கூடாது என்பதால் கேட்கவில்லை என்றார். மெத்தை முதலாளி கைதட்டினார்.

சோதனை தொடங்கியது. கண்காணிப்பாளர் ஒரு விரலால் தோளைத் தள்ளினார். சித்தப்பா அசையவில்லை. முகத்துக்கு நேரே கைக்குட்டையை உதறினார். இமைக்கவில்லை. எழுத்தர் அம்மா பின்னாலிருந்து ஒரு தட்டைத் தரையில் போட்டார். அந்த அம்மாவே திடுக்கிட்டார், சித்தப்பா திடுக்கிடவில்லை. ஓர் ஈ வந்து மேலுதட்டில் உட்கார்ந்து, நிதானமாக நடந்து, மூக்கு ஓரமாக ஏறி, கண்ணுக்குக் கீழே போய் நின்றது. வாத்தியாருக்குத் தன் முகம் அரித்தது. ஓரிடத்தில் நிற்காத அந்தக் கால்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வேறு யாருடைய கால்களோ போல இருந்தன. வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. சித்தப்பா இதை மெத்தைக்காரருக்காகச் செய்யவில்லை, வாரியத்துக்காகவும் செய்யவில்லை.

“பொருள் திருப்தியா இருக்கு” என்றார் தலைவர். “விதிப்படி உரிமையாளர் வாயாலயும் ஒரு வார்த்தை வேணும். சொல்லுங்க சார். உங்க சித்தப்பா அசைவாரா, மாட்டாரா?”

வாத்தியார் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சன்னலைப் பார்த்தபடி இருந்தார். பஸ்ஸில் பழகிவைத்த வாக்கியம் தொண்டைவரைக்கும் வந்தது. அதோடு கட்டிலும், தம்ளர்ச் சத்தமும், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அந்த நான்கு எட்டும் வந்தன.

“அசைய மாட்டாரு” என்றார்.

எழுத்தர் அம்மா எழுதிக்கொண்டார். இந்தத் தடவை வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

கையெழுத்து ஆயிற்று. நினைவுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் ரோஜாப் பாத்திக்குப் போனார்கள். வாத்தியாரையும் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடத்திலேயே நின்றார். நாற்காலிக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே இன்னும் நின்றுகொண்டிருந்த ஈயைக் கையால் ஓட்டினார். எழுந்து ஓர் அறை விட மாட்டாரா என்று இருந்தது. திட்டுங்க சித்தப்பா என்றார். அழுகை வந்தது. இவ்வளவு அசிங்கமாகத் தன்னை அவர் எப்போதும் உணர்ந்ததில்லை.

“சித்தப்பா, எந்திரிங்க. நம்ம வீட்டுக்குப் போயிடலாம்” என்றார். கையெழுத்துப் போட்டபிறகு இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரும்.

சித்தப்பா திரும்பவில்லை. பார்வை சன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. அங்கே தலைவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் திறக்காமலே, பல்லிடுக்கிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“போடா, அவங்க இந்தப் பக்கம் பாக்கறாங்க. பேசினா உதடு அசையுது.”